பெட்டி நிறையக் கேள்வி: வட்டி, முராபஹா, அடைவு, ஒற்றி

கொடுக்கல் வாங்கலில் சந்தேகம் இருந்தால் எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்று போன வெள்ளிக்கிழமை சொன்னேன். ஏழெட்டு வரும் என்று நினைத்தேன். பெட்டி மூட முடியாமல் போய்விட்டது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் மௌலவி இல்லை. ஒரு நிதி நிறுவனத்தின் இஸ்லாமியப் பிரிவில் பதினான்கு வருடம் கோப்புக் கட்டியவன். ஊர் திரும்பி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருக்கிறேன். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று சொல்லத் தெரியும். தலாக், பாகப் பிரிவினை பற்றி எழுதியவர்கள் தயவுசெய்து பள்ளிவாசலில் கேளுங்கள்.

ஓட்டுமடத்தில் ஓட்டோ ஓட்டும் தம்பி: நானா, சாதாரண லீசிங்கிலும் மாதம் கட்டுகிறேன், இஸ்லாமிய முறையிலும் மாதம் கட்டுகிறேன். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே காசு. பிறகு என்ன வித்தியாசம்?

தம்பி, இந்தக் கேள்வி குர்ஆனிலேயே இருக்கிறது. வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே என்று அன்றும் சிலர் கேட்டார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் வியாபாரத்தை அல்லாஹ் ஆகுமாக்கினான், வட்டியை விலக்கினான் என்று வசனம் வருகிறது (2:275). ஆகவே கேட்டதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓட்டோ பத்து லட்சம் என்று வைத்துக்கொள். வங்கி அதைக் கடையில் பத்து லட்சத்துக்கு வாங்கி, வாங்கிய விலையையும் தன் லாபத்தையும் உனக்குச் சொல்லி, பதினான்கு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு விற்கிறது. மாதம் முப்பதினாயிரம் வீதம் நாற்பத்தெட்டு மாதம். இதுதான் முராபஹா. இங்கே உனக்கு யாரும் காசு கடன் தரவில்லை, ஒரு பொருளைத் தவணைக்கு விற்றார்கள். அப்படியென்றால், விற்பதற்கு முன்னால் அந்த ஓட்டோ கொஞ்ச நேரமாவது வங்கியின் பொருளாக இருந்திருக்க வேண்டும். கையில் இல்லாததை விற்காதே என்பது நபிமொழி. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓட்டோ எரிந்துபோனால் நட்டம் வங்கிக்கு. நீ ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன், மனைவிக்கு ஒரு தையல் இயந்திரம் எடுக்க ஓரிடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அதிகாரி நல்ல பிள்ளை, தேத்தண்ணியும் தந்தார். மூன்று தாள்களை ஒன்றின் மேல் ஒன்று, ஓரம் மட்டும் தெரிய விசிறி போலப் பரப்பி வைத்தார். முதல் தாள், வங்கியின் முகவராக நின்று இயந்திரத்தை நான் வாங்கப் போகிறேன் என்பது. இரண்டாவது, வாங்கிவிட்டேன் என்பது. மூன்றாவது, அதை இப்போது வங்கியிடமிருந்து எனக்கே வாங்கிக்கொள்கிறேன் என்பது. மூன்றிலும் திகதிக் கட்டம் வெறுமை. இயந்திரம் அப்போதும் கடைக்காரரின் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தது. நான் மூன்றிலும் ஒப்பம் வைத்துவிட்டு பிஸ்மி சொல்லி எழும்பி வந்தேன். அங்கே நடந்தது வியாபாரம் இல்லை, வியாபாரத்தின் போட்டோக் கொப்பி. அது எனக்கு விளங்க மூன்று வருடம் எடுத்தது.

அதனால் உனக்கு ஒரே வேலைதான். திகதிகளைப் பார். வங்கி வாங்கிய பற்றுச்சீட்டின் திகதியும் நேரமும் உன் ஒப்பந்தத்துக்கு முந்தியதா? வெற்றுக் கட்டத்தில் ஒப்பம் வைக்காதே.

இன்னொரு வித்தியாசம், பிந்தினால் தெரியும். விலை பதினான்கு நாற்பது என்றால் கடைசிவரை அதுதான். தாமதக் கட்டணம் எடுத்தாலும் அதை வங்கி தன் லாபத்தில் சேர்க்கக் கூடாது, தர்மத்துக்குப் போக வேண்டும். உண்மையிலேயே இல்லாதவனுக்கு அவகாசம் கொடு என்பது 2:280. அதற்காக அவகாசம் கேட்டு எல்லாரும் வராதீர்கள். கேட்பவர்களில் பாதிப்பேரின் கையில் புதுப் போன் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதே தம்பி: லாப வீதம் ஏன் மற்ற வங்கிகளின் வட்டியை ஒட்டியே போகிறது?

பக்கத்துக் கடையில் சீனி என்ன விலை என்று பார்க்காமல் யாரும் விலை வைப்பதில்லை. எனக்கும் அது பிடிப்பதில்லை. ஆனால் விலையை எதைப் பார்த்து வைத்தார்கள் என்பதால் வியாபாரம் வட்டியாக மாறாது.

புத்தளத்தில் இருந்து ஒரு மகன்: 1990 இல் வாப்பா யாழ்ப்பாணத்தில் துணிக்கடை வைத்திருந்தார். ஒரு தமிழ் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுத்த துணிக்கு 18,000 ரூபாய் பாக்கி. ஒக்டோபர் 30 அன்று புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். வாப்பா மௌத்தாகும்வரை அந்தக் கடனைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வியாபாரியின் மகனை இப்போது கண்டுபிடித்துவிட்டேன். எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பெட்டியில் இருந்ததிலேயே இந்தத் தாளைத்தான் இரண்டு தரம் வாசித்தேன்.

சட்டம் சொல்வது முதலில். பெரும்பாலான அறிஞர்களின் முடிவு, வாங்கிய எண்ணிக்கைதான் கடன். 18,000 என்றால் 18,000. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகடமி 1988 இல் குவைத்தில் கூடியபோதும் அப்படியே முடிவெடுத்தது: காசுக் கடனை விலைவாசியோடு கட்டி ஏற்றக் கூடாது, அந்தக் கதவைத் திறந்தால் வட்டி வேறு பெயரில் உள்ளே வரும். மறுபக்கமும் உண்டு. ஹனபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) இமாம் அபூ யூஸுஃப், செப்புக் காசின் மதிப்பு இறங்கினால் அன்றைய மதிப்பைத்தான் கொடுக்க வேண்டும் என்றார். இன்றைய கடதாசிக் காசு அந்தச் செப்புக் காசைப் போன்றது என்று வாதிடுபவர்கள் அவரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அன்று 18,000 ரூபாயில் சில பவுண் வாங்கலாம். இன்று அது ஒரு பவுணின் காற்பங்குக்கும் வராது.

சரி, என்ன செய்வது? கடன் கொடுத்தவர் கூடக் கேட்கத்தான் தடை. திருப்பிக் கொடுப்பவர் முன்பேச்சு இல்லாமல், தானாக விரும்பிக் கூடக் கொடுத்தால் அது வட்டி இல்லை. நபியவர்கள் ஒருவரிடம் பட்ட ஒட்டகக் கடனுக்கு அதைவிட நல்ல ஒட்டகத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். உங்களில் சிறந்தவர் கடனை அழகாகத் தீர்ப்பவர் என்றும் சொன்னார்கள். ஆகவே நேரே போங்கள். 18,000 தான் கடன் என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள், இவ்வளவு தருகிறேன் என்று பேரம் பேசவும் வேண்டாம். வாப்பாவின் கணக்கு என்று சொல்லி, உங்களால் முடிந்ததை உறையில் வையுங்கள். அவர் வேண்டாம் என்றால் அது அவர் விட்டுக்கொடுத்தது. வாப்பாவின் சொத்தைப் பிள்ளைகள் பிரித்துவிட்டீர்கள் என்றால், கடன் அதற்கு முன்னால் தீர்ந்திருக்க வேண்டியது. சகோதரர்களிடமும் பங்கு கேளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அந்தக் கதை நடந்தது. எங்கள் கடையும் சாமானும் போனதே, அதில் கழித்துக்கொள்ளலாம்தானே என்று யாராவது சொல்வார்கள். முடியாது. எங்களை இரண்டு மணி நேரத்தில் வெளியே போகச் சொன்னது அந்தத் துணி வியாபாரி இல்லை.

நல்லூரில் இருந்து ஒரு ரீச்சர்: நாங்கள் சைவம். இஸ்லாமிய வங்கியில் கணக்குத் திறக்கலாமா? லாபம் எவ்வளவு என்று முன்னமே சொல்வார்களா?

தாராளமாகத் திறக்கலாம் ரீச்சர். வங்கிச் சட்டத்தில் 2005 இல் செய்த திருத்தம்தான் இங்கே இந்த முறைக்கு வழி விட்டது. முழுக்க இந்த முறையில் இயங்கும் வர்த்தக வங்கியாக அமானா வங்கி 2011 ஓகஸ்டில் தொடங்கியது. வேறு சில வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. மதம் கேட்டுக் கணக்குத் திறப்பதில்லை.

சேமிப்பு பெரும்பாலும் முழாறபா: காசு உங்களுடையது, உழைப்பு அவர்களுடையது. லாபம் வந்தால் எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதுதான் முன்னமே முடிவாகும், எத்தனை ரூபாய் என்பது இல்லை. போன மாதம் என்ன கொடுத்தோம் என்று காட்டுவார்கள். 'நிச்சயம் இவ்வளவு' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு முழாறபா விளங்கவில்லை அல்லது உங்களுக்கு விளங்காது என்று நினைக்கிறார்.

பொம்மைவெளியில் இருந்து ஒரு தங்கச்சி: பிள்ளையின் படிப்புக்குக் காப்பை அடைவு வைக்க வேண்டும். வட்டி இல்லாமல் வழி இருக்கிறதா?

மலேசியாவில் திரங்கானு மாநிலத்தில் 1992 இல் தொடங்கிய முறை ஒன்று உண்டு, அர்-ரஹ்னு என்பார்கள். கடன் காசுக்கு ஒன்றும் எடுப்பதில்லை, நகையைப் பெட்டகத்தில் பாதுகாக்கிற கூலி மட்டும். இங்கேயும் அந்தப் பாணியில் சிலர் செய்கிறார்கள். ஆனால் உள்ளே போனதும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் காப்பை உரைகல்லில் தேய்த்து, தராசில் வைத்து, நிறையை எழுதியதும் கேளுங்கள்: 'இதே காப்புக்கு ஐம்பதினாயிரம் எடுத்தால் கூலி எவ்வளவு? ஒன்றரை லட்சம் எடுத்தால் எவ்வளவு?' ஒரே காப்பு, ஒரே பெட்டகம். கூலியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கடன் கூடக் கூலியும் கூடினால் அது கூலி இல்லை. குறைவாகக் கடன் எடுத்தால் கூலியில் கழிவு தருகிறோம் என்பதும் அதே சங்கதிதான்.

அதற்கு முன் உறவுக்குள் கைமாற்றுக் கேட்டுப் பார்த்தீர்களா? கர்ழு ஹஸன் என்கிற வட்டியில்லாக் கடனுக்கு எங்கள் ஊரில் எப்போதோ கைமாற்று என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கொடிகாமத்தில் இருந்து ஒரு ஐயா: எங்கள் பக்கம் காணியை ஒற்றிக்கு விடுவார்கள். காசு கொடுத்தவர் தேங்காயை ஆய்ந்து அனுபவிப்பார், வட்டி இல்லை. காசைத் திருப்பினால் காணி திரும்பும். இதுவும் உங்கள் வங்கி முறையும் ஒன்றுதானே?

ஐயா, இந்தக் கேள்விக்கு நன்றி. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையிலேயே ஒற்றி இருக்கிறது. ஆனால் அங்கே விளைச்சல் வட்டிக்குப் பதிலாக என்பதுதான் கணக்கு. எங்கள் பார்வையில் சிக்கலும் அங்கேதான். கடனுக்கு நிபந்தனையாகக் கடன் கொடுத்தவருக்கு வரும் நன்மை, தேங்காயாக வந்தாலும் வட்டியின் கணக்கில்தான் சேரும். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி மத்ஹப். அதில் இது இறுக்கம். புகாரா பக்கத்து ஹனபி அறிஞர்கள் சிலர், 'திருப்பித் தருவேன் என்ற வாக்கோடு விற்பது' என்று ஏறக்குறைய ஒற்றியையே அனுமதித்தார்கள். ஊர்த் தேவை அவர்களையும் நெருக்கியிருக்கிறது. காணியை நியாயமான குத்தகைக்கு விட்டு, அந்தக் குத்தகையை முற்பணமாக வாங்கிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் பிரச்சினை இல்லை. திருப்பிக் கொடுக்கவும் எதுவும் இல்லை.

பழைய இரும்பு வியாபாரி ஒருவர்: ஸகாத்துக்கு (வருடாந்தக் கட்டாயத் தர்மத்துக்கு) வளவில் குவிந்திருக்கிற இரும்பையும் கணக்கெடுக்க வேண்டுமா? வீட்டு நகைக்கு?

விற்பதற்கு வைத்திருக்கும் இரும்பு எல்லாம் கணக்கில் வரும். வாங்கிய விலையில் இல்லை, உங்கள் ஸகாத் நாளின் சந்தை விலையில், இரண்டரை சதவீதம். தராசும் லொறியும் கணக்கில் இல்லை. ஸகாத் கடமையாகும் எல்லை 85 கிராம் தங்கத்தின் பெறுமதி, அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்றுக் கூட. மனைவி அணிகிற நகைக்கு ஷாபியில் ஸகாத் இல்லை, ஹனபியில் உண்டு. ஆனால் விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைத்த நகையை 'அணிகிற நகை' என்று சொல்லாதீர்கள்.

முராபஹாவில் வீடு கட்டிய ஒருவர்: 2022 இல் தப்பித்தேன் என்று நினைத்தேன், இப்போது அண்ணன் என்னைவிடக் குறையக் கட்டுகிறார்.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளி ஏற்றியது. மிதக்கும் வட்டியில் கடன் எடுத்த உங்கள் அண்ணனுக்குத் தவணை ஏறியது. முராபஹாவில் நீங்கள் அசையவில்லை. பிறகு வட்டி இறங்க, அவருக்கு இறங்கியது, நீங்கள் அதே இடம். விற்ற விலையை மாற்ற முடியாது என்பதன் இரண்டு பக்கமும் இதுதான். மாறுகிற வாடகை வேண்டுமென்றால் இஜாரா (வாடகை முறை) அல்லது குறைந்துசெல்லும் முஷாரகா (வங்கியோடு கூட்டாக வாங்கி, அதன் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும் முறை) எடுத்திருக்க வேண்டும். அவற்றில் வாடகையைக் காலத்துக்குக் காலம் திருத்துவார்கள். நிலுவை முழுவதையும் முன்கூட்டிக் கட்ட முடிந்தால் கழிவு கேளுங்கள். அவர்கள் விரும்பினால் தரலாம்.

மிச்சம் சின்னக் கேள்விகள்.

சம்பளக் கணக்கில் விழுந்த வட்டியை என்ன செய்வது? எடுத்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுங்கள். வங்கிக்கே விட்டுவிடாதீர்கள்.

சீட்டு? எல்லாரும் சமமாகப் போட்டு, குலுக்கி, முழுத் தொகையையும் எடுக்கிற சீட்டில் பிரச்சினை இல்லை. கழிவு கூறி எடுக்கிற ஏலச் சீட்டில் முந்தி எடுப்பவர் குறைய வாங்கிக் கூடக் கட்டுகிறார். அது வட்டிதான்.

கஸ்தூரியார் வீதியில் தவணைக்கு நகை? தங்கத்தைக் காசுக்கு வாங்கும்போது கைக்குக் கை மாற வேண்டும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துக்கொண்டு போய் வாங்குங்கள்.

பெருநாளுக்கு மூன்று தவணையில் உடுப்பு, மேலதிகக் காசு இல்லை என்கிறார்கள், கூடுமா? பிந்தினால் எவ்வளவு ஏறும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதை வாசியுங்கள். அப்புறம் போன பெருநாள் உடுப்பை அலுமாரியில் இருந்து எடுத்து ஒரு தரம் போட்டுப் பாருங்கள். எனக்கு எழுதிய தங்கச்சியே, உங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று உடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பெருநாள் ஒரு நாள்தானே.

ஸகாத் கணக்குப் போட வேண்டியவர்கள் அடுத்த வெள்ளி அசருக்குப் பிறகு வாருங்கள். கொப்பியோடு வாருங்கள், மனக்கணக்கோடு வேண்டாம்.