தானியங்கி லாரிக்குப் பயந்து உரிமத்தைத் தள்ளிப்போட வேண்டுமா?

ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் லாரி பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டு, தம்பி கனரக வாகன உரிமம் எடுப்பதை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் அப்பா செய்யும், மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு ரப்பர் ஏற்றிச் செல்லும் வேலையைத் தானியங்கி லாரி அண்மையில் பறிக்காது என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

உங்களை அச்சுறுத்திய காணொளி பெரும்பாலும் அமெரிக்காவின் டெக்சாஸைப் பற்றியதாக இருக்கும். டாலஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கிடையே 2025-இல் தானியங்கி லாரித் தொழில்நுட்பத்தை உருவாக்கும் அரோரா நிறுவனம் ஓட்டுநரில்லா லாரியை ஓட்டத் தொடங்கியது உண்மைதான். ஆனால் சில வாரங்களிலேயே, லாரியைத் தயாரித்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால், இருக்கையில் மீண்டும் ஓர் ஆள் அமர்த்தப்பட்டார். அதுவும் அகன்ற நெடுஞ்சாலையில். குழித்துறை நெரிசலில் எதிரே வரும் பேருந்துக்காக வண்டியைப் பின்னெடுத்து ஒதுங்குவதும், திடீர் மழையில் ரப்பர் ஷீட் நனையாமல் தார்ப்பாய் கட்டுவதும், சோதனைச் சாவடியில் பில்லைக் காட்டிப் பேசுவதும் வேறு வேலை.

அப்பாவிடம் கேட்டு, ஒரு வாரத்தில் நான்குவழிச் சாலையில் எத்தனை மணி நேரம், ஊருக்குள்ளும் சரக்கு ஏற்றி இறக்கவும் எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பாருங்கள்.

நான்குவழிச் சாலை நேரமே மிகுதியாக இருந்தால் கவனம் தேவை. கிடங்கிலிருந்து கிடங்குக்கு நெடுந்தொலைவு மட்டும் ஓடும் கண்டெய்னர் வேலைதான் முதலில் மாறக்கூடியது. தம்பி அதை மட்டுமே நம்பி வண்டிக்கடன் எடுக்க வேண்டாம்.