கடுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு கட்டுரையில், ‘பேருந்து வராததால் கடுப்பாக இருந்தது’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையால் அடித்து, ‘கொச்சை’ என்று குறித்துவிட்டார். என் மாமனாரோ, கடுப்பு என்றால் வயிற்றுக்கு வருவதுதான் என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நான் உங்கள் மாமனார் பக்கம். சீதக்கடுப்பு, நீர்க்கடுப்பு எல்லாம் உடம்பின் வலிகள்தான். ஆனால் ‘கால்கடுக்க நின்றேன்’ என்று எழுதியிருந்தால் அந்த ஆசிரியையே அடித்திருக்க மாட்டார். காலில் இருக்கும்வரை நல்ல தமிழ், மனசுக்கு ஏறினால் கொச்சையா?

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். முதுநகரில் மீன் வாங்கப் போயிருந்தபோது, கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ஒருவர் வெடுக்கென்று கையை உதறினார். முள் குத்திவிட்டது. கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு. ஒரு பொட்டு ரத்தம்தான். ஆனாலும் வெகுநேரம் விரலை ஊதிக்கொண்டே, “விண்ணு விண்ணுன்னு கடுக்குதுப்பா” என்றார். அந்த நேரம் பார்த்து ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். “நானே கடுப்புல இருக்கேன், போய்யா!” இதில் எது விரலின் கடுப்பு, எது மனசின் கடுப்பு?

கோபம் வரும்; கடுப்பு ஏறும், விஷம் ஏறுகிற மாதிரி. ‘கடுப்பேத்தாதே’ என்பது அதனால்தான். கோபக்காரர் கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார். கடுப்பில் இருப்பவர் பெரும்பாலும் கத்துவதில்லை, முகம் மட்டும் கடுகடுவென்று இருக்கும். எரிச்சலும் குடைச்சலும்கூட இப்படி உடம்பிலிருந்து மனசுக்குப் போனவையே. அவற்றை யாரும் சிவப்பு மையால் அடிப்பதில்லை.

இன்னொன்று. ‘நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்’ என்பது குறள் (706). அங்கே ‘கடுத்தது’ என்றால் மிகுந்தது என்று உரை சொல்வார்கள். மனசில் ஏதோ ஒன்று மிஞ்சிப்போய் முகத்தில் தெரிவது என்ற அளவில், நம் கடுப்புக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

சரி, ‘செம கடுப்பு’ என்று எழுதியிருந்தால் பள்ளிக் கட்டுரையில் நானும் அடித்திருப்பேன். உங்கள் மகள் எழுதியது அப்படியல்ல. அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேளுங்கள். ஐந்து நிமிஷம் என்றால் ‘எரிச்சல்’ போதும், ஆசிரியை சொன்னபடி மாற்றிக்கொள்ளட்டும். ஒரு மணி நேரம் என்றால் அவள் எழுதியதுதான் சரி.