மணல் வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்விகள்

கொட்டிவாக்கத்தில் வீடு, கடல் பக்கம்தான். தென்னையில் அடிமட்டை மஞ்சளாகிக் காய்கிறது. வருஷம் ஒருமுறை உரம் மொத்தமாகப் போட்டுவிடுகிறோமே?

மொத்தமாகப் போடுவதுதான் கோளாறு. மணலுக்குச் சத்தைப் பிடித்துவைக்கத் தெரியாது. நாலு மழையில் யூரியா உங்கள் கிணற்றில் இருக்கும். காய்க்கிற மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா ஒன்றேகால் கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதை நாலாகப் பிரித்து, அடிமரத்தைச் சுற்றி 6 அடிக்குள் தொழுவுரத்தோடு கலந்து போடுங்கள். ஐப்பசி அடைமழையில் மட்டும் வேண்டாம்.

செம்பருத்தியில் குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. (திருவான்மியூர்)

இரும்புச்சத்துக் குறைவு. ஒரு பிடி மணலில் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் தூள் நிறைய இருக்கிறது; அந்தச் சுண்ணாம்பில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது, மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) அதே கதி. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள்.

செடி வாடுகிறது. என்ன உரம் போடலாம்?

என்ன செடி, எந்த ஊர், எத்தனை நாளாக? எனக்கு ஜோசியம் தெரியாது.

நீலாங்கரையில் எங்கள் தெருமுனை மணல்மேட்டில் அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் நோஞ்சானாகக் கிடக்கின்றன. குடியிருப்போர் சங்கத்தில் 2 லோடு செம்மண் அடித்து, டிஏபி உரம் போட்டுப் புல்தரை ஆக்கலாம் என்கிறார்கள்.

ஐயா, வேண்டாம். இதை எத்தனை தடவை எழுதுவது? அது நோஞ்சான் இல்லை, அதன் உடம்புவாகே அப்படி. மணலில் தழைச்சத்து (நைட்ரஜன்) அநேகமாகக் கிடையாது, மணிச்சத்தும் சொற்பம். கடல் சாரலில் பொட்டாஷும் மக்னீசியமும் கொஞ்சம் வரும். மிச்சத்துக்கு அலை ஒதுக்கும் பாசி, காய்ந்த சருகு, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை. அடம்பங்கொடியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்: கணுவுக்குக் கணு வேர், ஒவ்வொன்றும் தனியாகச் சாப்பாடு தேடுகிறது. மணல் மூடினால் மேலே ஏறி வரும்.

அங்கே உரத்தைக் கொட்டினால் கொழுப்பது அடம்பு இல்லை. இங்கிலாந்தில் பிராண்டன் பர்ரோஸ் மணல்மேட்டில் அறுபது வருஷத்துக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டார்கள். புல் மண்டி, சின்னச் செடிகள் ஒடுங்கின. எங்கள் பக்கத்திலும் ஒரு சங்கம் செம்மண் அடித்தது. முதல் மழையில் சேறு, வெயிலில் ஓடு மாதிரி இறுகியது. பிறகு முளைத்ததெல்லாம் பார்த்தீனியம். அடம்பு திரும்ப வரவில்லை. போதாததற்கு 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பில் மணல்மேடு ஒன்று-ஏ பிரிவு, அதாவது மிகக் கண்டிப்பாகப் பாதுகாக்க வேண்டிய இடம்; உங்கள் சங்கத்துச் சொத்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யப் போகிறீர்களா? பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள். சருகைக் கூட்டாதீர்கள், அங்கே எருவே அதுதான்.

சவுக்குக்கு யூரியா வேண்டாமாமே?

வேண்டாம். வேரில் கொத்துக்கொத்தாக முடிச்சு இருக்கும்; அதில் குடியிருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக் கொடுத்துவிடும். கன்றுக்குக் கொஞ்சம் சூப்பர் வையுங்கள்.

மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாமா?

தாராளமாக. கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவிய தண்ணீர் மட்டும் ஆகாது. பூனை வந்து தோண்டினால் எனக்கு எழுதாதீர்கள்.