வெங்கட்ராகவனுக்கு அநீதி நடந்ததா?

அன்புள்ள ஐயா,

அறுபது, எழுபதுகளில் இந்திய கிரிக்கெட் அணிக்குச் சுழற்பந்து வீசிய ‘சுழல் நால்வர்’ பற்றிய உங்கள் கட்டுரையில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர் மூவருக்கும் பத்தி பத்தியாக இடம் தந்துவிட்டு, வெங்கட்ராகவனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். வானொலி வர்ணனை கேட்டே கிரிக்கெட் கற்றுக்கொண்ட என் தகப்பனார், மதராஸ்காரர் என்பதால்தான் வெங்கட்டை வெளியே உட்காரவைத்தார்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வாக்கியம் எழுதியது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தகப்பனார் சொன்ன காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பெரும்பாலான ஆட்டங்களில் ஆஃப் ஸ்பின்னருக்கு, அதாவது வலது கை மட்டையாளரை நோக்கி உள்ளே திரும்பும் பந்தை வீசுபவருக்கு, இருந்தது ஓர் இடம். அதற்குப் போட்டியிட்டவர்கள் பிரசன்னா, வெங்கட் இருவர், இருவருமே பொறியியல் படித்தவர்கள். பிரசன்னா 1962இல் ஆடத் தொடங்கிப் படிப்புக்காக ஒதுங்கியிருந்த இடைவெளியில்தான் வெங்கட் 1965இல் நியூசிலாந்துக்கு எதிராக அணிக்குள் வந்தார். இருபது வயது நிறையும் முன்பே, டெல்லி டெஸ்டில் ஓர் இன்னிங்சில் 72 ரன் கொடுத்து 8, மறு இன்னிங்சில் 4 என்று பன்னிரண்டு விக்கெட்டுகளை எடுத்தார். 1967இல் பிரசன்னா திரும்பியதும் இழுபறி தொடங்கியது. ஆனால் 1971இல் மேற்கிந்தியத் தீவுகளில் 22 விக்கெட் எடுத்துவிட்டு இங்கிலாந்து சென்ற வெங்கட், அங்கே மூன்று டெஸ்டுகளிலும் ஆட, பிரசன்னா ஒன்றில்கூட ஆடவில்லை. பிரசன்னாவின் ஊரான பெங்களூரில் ஏதோ ஒரு வீட்டிலும் அன்று ஒரு தகப்பனார் முணுமுணுத்திருப்பார்.

எழுபதுகளின் இறுதியில் இங்கே கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கயிற்றுப் பாயை இழுத்து ஆணியடித்து ஆடுவோம். நானும் ஆஃப் ஸ்பின் வீசியவன். எங்களுக்குச் சொல்லித்தந்த பெரியவர் சரியான லெந்த்தில், அதாவது பந்து தரையில் குத்தவேண்டிய தூரத்தில், ஒரு கைக்குட்டையை விரித்துவைத்து, அதன்மேல் பந்து விழத் தொடங்கும்வரை எதிரில் மட்டையாளரை நிற்கவிடமாட்டார். மாலையில் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்று ஏறியதும் பந்தைத் தூக்கிப்போட எனக்குக் கை பரபரக்கும். தூக்கிப்போட்டால் காற்று அதை வாங்கிக்கொண்டு போகும், பார்க்க அழகாக இருக்கும், அடுத்த நொடியே பந்து மைதானத்துக்கு வெளியே கிடக்கும். “பிரசன்னா பிறகு ஆகலாம், முதலில் வெங்கட் மாதிரிப் போடு” என்பார் அவர். அதில் வெங்கட்டைக் குறைத்துச் சொல்லும் தொனி இருந்ததாக அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

பிரசன்னா பந்தைக் காற்றில் மிதக்கவிட்டு மட்டையாளரை முன்னே இழுத்தார். உயரமான வெங்கட்டோ சற்று வேகமாகவும் தட்டையாகவும் வீசி, ஓவருக்கு ஓவர் அதே இடத்தில் பந்தைக் குத்தவைத்து, எழும்பி வருவதை அருகில் நிற்பவர்களின் கைக்கு அனுப்பினார். 1971 ஓவல் டெஸ்டில் இங்கிலாந்து 101க்குச் சுருண்டபோது சந்திரசேகர் எடுத்த 6 விக்கெட் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே இன்னிங்சில் இங்கிலாந்தின் ஆலன் நாட் (Knott) என்பவரின் மட்டைக்குக் கீழே பாய்ந்து நம் சோல்கர் பிடித்த கேட்ச் வெங்கட்டின் பந்தில் வந்தது என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

ஆனாலும் வெங்கட்டுக்கு 57 டெஸ்டுகளில் 156 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 36. பிரசன்னாவுக்கு 49 டெஸ்டுகளில் 189 விக்கெட், சராசரி 30. தேர்வாளர்கள் தயங்கியதற்கு ஊர்ப் பாகுபாட்டைத் தேடவேண்டியதில்லை. முதல்தர ஆட்டங்களில் வெங்கட் எடுத்த 1,390 விக்கெட்டுகளைத்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

வருத்தப்பட வேண்டுமென்றால் அவரை நடத்திய விதத்துக்காக வருத்தப்படலாம். 1974இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெல்லி டெஸ்டில் அணித்தலைவராக இருந்தவர், அடுத்த கல்கத்தா டெஸ்டில் ஆடும் பதினொருவரில் இடமில்லாத பன்னிரண்டாவது ஆள். 1979இல் அவர் தலைமையில் ஓவலில் 438 என்ற இலக்கைத் துரத்திய அணி, கவாஸ்கரின் 221 ரன் துணையுடன் 8 விக்கெட் இழப்புக்கு 429வரை வந்து நின்றது; ஊர் திரும்பும் விமானத்தில், இனி கவாஸ்கர்தான் தலைவர் என்று விமானி அறிவித்தார். தலைவரை மாற்ற கிரிக்கெட் வாரியத்துக்கு உரிமை உண்டு. பயணிகளோடு பயணியாக உட்காரவைத்து அதை அவர் காதில் விழச்செய்தது எந்த மரியாதையிலும் சேராது. அதன் பிறகும் அவர் 1983வரை டெஸ்ட் ஆடினார்.

பின்னர் நடுவராக 73 டெஸ்டுகளில் நின்றார். நால்வரும் ஒன்றாக ஆடிய ஒரே டெஸ்ட் 1967இல் பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் நடந்தது. 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213 ரன்னில் சமனில் முடித்ததும் அதே மைதானத்தில்தான். அன்று களத்தில் இருந்த இரு நடுவர்களில் ஒருவர் வெங்கட். கட்டுரையைத் திருத்தும்போது இதிலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறேன்.