லைகோபீன் மாத்திரை புராஸ்டேட்டுக்கு நல்லதா, தக்காளி சாப்பிட்டாலே போதுமா?

அப்பாவுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறவராக இருப்பார். அவருக்கு டாக்டர் ஏற்கெனவே மாத்திரை எழுதித் தந்திருந்தால், தக்காளிச் சத்தான லைகோபீனை நம்பி அதை நிறுத்த விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் வீடு வடசென்னையில், காசிமேட்டில். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 64 வயதில் புராஸ்டேட் வீக்கம் என்றார்கள். புற்றுநோய் இல்லை, வயதானால் வருகிற வீக்கம்தான். தினமும் ராத்திரி ஒரு டாம்சுலோசின், சிறுநீர் தடையில்லாமல் போவதற்கான மாத்திரை. ஒன்றரை வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. அப்புறம் ஒரு மருந்துக் கடையில், "தக்காளிச் சத்து, சைடு எஃபெக்ட்டே கிடையாது" என்று சொல்லி சிவப்பு கேப்சூல் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். டாம்சுலோசின் தீர்ந்ததும் நைனா மறுபடி வாங்கவில்லை. "இதுவும் அதுக்குத்தானேடா, ரெண்டு எதுக்கு?" என்றார். அதையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொன்னார்.

மூன்றாவது வாரம், ராத்திரி பதினோரு மணிக்கு மேல், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. சாயங்காலத்திலிருந்து சிறுநீர் ஒரு சொட்டு வரவில்லை. அம்மா கேட்டபோதெல்லாம் "வாயுதான், விடு" என்றிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றினோம். பத்து நிமிஷ தூரம்தான், போய்ச் சேர ஐம்பது நிமிஷம் ஆனது. ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. டிரைவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். வடசென்னைக்காரன் உயிருக்கு அவசரம் என்றால் ஒரு லேன் காலியாக விடக்கூடாதா? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். டியூப் போட்டதும் ஒன்றேகால் லிட்டர் வந்தது.

லைகோபீன் மோசமானது என்று சொல்லவில்லை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தருவதே அதுதான். கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினுக்கு உறவு, ஆனால் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறாது. 1995இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், தக்காளி, தக்காளி சாஸ் எல்லாம் அதிகம் சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக வந்ததாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட 48,000 பேரைக் கவனித்தார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அது சாப்பாட்டைப் பற்றியது, கேப்சூலைப் பற்றியது இல்லை. நைனாவுக்கு இருந்த வீக்கத்தைப் பற்றியதும் இல்லை. கேப்சூலில் இருக்கிற லைகோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ 2005இல் சொல்லிவிட்டது. சத்து மாத்திரை என்றாலே கெடுதல் செய்யாது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: பின்லாந்தில் சிகரெட் பிடிக்கிறவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. 1994இல் வந்த முடிவு அது.

நான் டாக்டர் இல்லை. "இங்கிலீஷ் மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று யாராவது எழுதுவீர்கள், எழுதுங்கள். அந்த ஆட்டோவில் நைனாவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

லைகோபீன் வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்கிறது. அது எண்ணெயில் கரைகிற பொருள். வேகாத தக்காளியைவிட, சமைத்துச் சுண்ட வைத்த தக்காளியிலிருந்துதான் உடம்பு அதை அதிகம் எடுத்துக்கொள்ளும். அம்மா தொக்கு கிளறும்போது பாருங்கள், மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போடுவதற்கு முன்பே, ஓரத்தில் பிரிகிற நல்லெண்ணெய் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். அந்த நிறம் லைகோபீனுடையது. தர்பூசணியிலும் உள்ளே சிவப்பாக இருக்கிற கொய்யாவிலும்கூட இருக்கிறது. கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் தக்காளியின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் பொட்டாசியம் உண்டு.

இன்றைக்கே அப்பாவின் மாத்திரை அட்டையை எடுத்து, எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் யாரும் எண்ணவில்லை.