சைவச் சாப்பாடும் புற்றுநோயும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

தொடங்கும் முன் ஒரு விஷயம். நான் டாக்டர் இல்லை, புற்றுநோய் நோயாளிகளுக்குச் சாப்பாடு பற்றி ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன். சாப்பாட்டைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரை அளவு போன்றவற்றை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி (மதுரை): மேடம், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் வராதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

வரும். கொஞ்சம் குறைவாக வருகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் யூகே பயோபேங்க் ஆய்வில் சுமார் 4,72,000 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் ஐந்து தடவைக்கு மேல் இறைச்சி சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டபோது, எல்லாப் புற்றுநோயும் சேர்த்து, மீன் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு 10 சதவீதமும் சைவர்களுக்கு 14 சதவீதமும் குறைவாக இருந்தது. மாதவிடாய் நின்ற சைவப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் 18 சதவீதம் குறைவு. ஆனால் அந்தப் பெண்களின் உடல் எடையும் குறைவாக இருந்தது, வித்தியாசத்தில் பெரும் பகுதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 2,000-க்கும் மேற்பட்ட இந்தியப் பெண்களை, நோய் வராத பெண்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2017-ல் வந்தது. பிறந்ததிலிருந்தே சைவமாக இருந்தவர்களுக்கு அதனால் குறிப்பிடும்படியான பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. அதனால் 'நாங்கள் பரம்பரைச் சைவம், எங்களுக்கு வராது' என்று பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். மார்பில் கட்டி தென்பட்டால் அந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி (திருச்சி): நார்ச்சத்து குடலுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளே உண்மையில் என்னதான் நடக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நார்ச்சத்து நமக்குச் செரிக்காது, பெருங்குடல்வரை அப்படியே போய்ச் சேரும். அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கியமான எரிபொருள். அழற்சியைக் குறைப்பதும், செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலைதான். இன்னொரு பக்கம், மலம் இளகி சீக்கிரம் வெளியேறுவதால் கெடுதலான பொருட்கள் குடல் சுவரில் படும் நேரமும் குறைகிறது.

2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள், தென்னாப்பிரிக்காவின் கிராமத்துப் பகுதியிலிருந்து 20 பேர். இரண்டு வாரத்துக்கு இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும், அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து ஒரு நாளைக்கு 55 கிராமாக ஏறியது. கிராமத்து ஆட்களுக்கு 12 கிராமாக இறங்கியது, கொழுப்பும் இறைச்சியும் கூடின. பதினான்கே நாளில் அமெரிக்கர்களின் குடலில் அழற்சி குறைந்து பியூட்டிரேட் கூடியது, கிராமத்து ஆட்களுக்கு அப்படியே எதிர்த்திசையில் நடந்தது. இதனால் புற்றுநோய் தடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது, அதற்கு இரண்டு வாரம் போதாது. ஆனால் குடல் எவ்வளவு சீக்கிரம் சாப்பாட்டுக்கு ஏற்ப மாறுகிறது என்பது தெரிகிறது.

நீண்ட கால ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2011-ல் போட்ட கணக்கின்படி, தினமும் 10 கிராம் நார்ச்சத்து கூடினால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைகிறது. அந்த 10 கிராம் ஏறக்குறைய 40 கிராம் காய்ந்த கறுப்புக் கொண்டைக்கடலையில் கிடைத்துவிடும், ஊற வைத்தால் ஒரு கிண்ணம் சுண்டல். 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி, மைதா பரோட்டா என்று போகும் சைவச் சாப்பாடு இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி (நாமக்கல்): அக்கா, முள்சீத்தாப்பழம் கீமோவைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

உண்மை இல்லை. அந்தப் பழத்தின் சாறு சோதனைக் குழாயில் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. சோதனைக் குழாயில் எத்தனையோ பொருள்கள் கொல்லும். மனிதர்களிடம் குணமானதாக ஆதாரம் இல்லை. அதில் அன்னோனசின் என்ற நரம்பைப் பாதிக்கும் பொருள் இருக்கிறது. கரீபியனில் குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நடுக்க நோயைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பழம் கிடைத்தால் ருசிக்குச் சாப்பிடுங்கள். கீமோவை நிறுத்தாதீர்கள்.

கேள்வி (காரைக்குடி): வீட்டில் உப்புக்கண்டம் போடுவோம். அதுவும் ஆபத்தா? கோழி, மீன்?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ல் பதப்படுத்திய இறைச்சியை முதல் வகையில் வைத்தது, அதாவது புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான வகை. ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சி 'பெரும்பாலும் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ வகை. உப்பிட்டோ புகையூட்டியோ நொதிக்க வைத்தோ பதப்படுத்தியது எல்லாம் முதல் வகை. ஆகவே சாசேஜ், சலாமியோடு உப்புக்கண்டமும் சேரும்.

தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்றார்கள். அந்தச் சதவீதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆயிரம் பேரில் 50 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால் அது 59 பேராகும், அவ்வளவுதான். சிகரெட்டும் இதே முதல் வகைதான் என்றாலும் இரண்டும் சமமான கேடு இல்லை, வகை என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டும் காட்டுகிறது. வருடத்தில் சில நாள் எடுக்கும் உப்புக்கண்டத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். பிள்ளைக்கு தினமும் டிபன் பாக்ஸில் சாசேஜ் வைப்பதை நிறுத்துங்கள். பதப்படுத்தாத கோழியும் மீனும் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை.

கேள்வி (கோவை): நான் வீகன். பாலும் புற்றுநோயை உண்டாக்குகிறதே, அதை ஏன் சொல்லவில்லை? எலிகளுக்குப் பால் புரதம் கொடுத்தால் கட்டி வளர்கிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது.

கேள்வி (ஈரோடு, கோவைக்காரருக்குப் பதிலாக): நாலு மாடு வைத்துப் பிழைக்கிறோம் அண்ணா. எலியை வைத்துக்கொண்டு எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்த எலி ஆய்வுகளின் தொடக்கம் நம் நாட்டில்தான். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலனும் மாதவனும் ஐதராபாத்தில் செய்து 1968-ல் வெளியிட்டார்கள். எலிகளுக்கு முதலில் கொடுத்தது அஃப்ளாடாக்சின், பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் விஷம். அதோடு ஒரு கூட்டத்துக்கு 20 சதவீதம் பால் புரதம், இன்னொரு கூட்டத்துக்கு 5 சதவீதம். கட்டி வந்தது 20 சதவீதக் கூட்டத்துக்குத்தான், அது சரி. ஆனால் புரதம் குறைந்த விலங்குகளை அதே விஷம் வேறு விதத்தில் தாக்கும், கல்லீரல் கெட்டுச் சீக்கிரம் செத்துப்போகும் என்பதையும் அவர்களே காட்டியிருக்கிறார்கள். பாதியை மட்டும் எடுத்துப் பேசுவது அந்த விஞ்ஞானிகளுக்கே நியாயம் இல்லை. அந்த ஆய்வில் புற்றுநோய்க் காரணி அஃப்ளாடாக்சின்தான், அதுவோ பாலிலிருந்து இல்லை, பூஞ்சையிலிருந்து வந்தது.

கேள்வி (கோவை): சரி, மனிதர்களிடம்? அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை வைத்துச் செய்த ஆய்வில் பால் குடித்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதல் என்று 2020-ல் வந்ததே?

வந்தது, மறுக்கவில்லை. ஆனால் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, மாதவிடாய் நிற்காத பெண்களுக்குப் பால் பொருட்கள் மார்பகப் புற்றுநோயைக் கொஞ்சம் குறைக்கலாம் என்ற பக்கம்தான் சாய்ந்தது, அதுவும் பலவீனமான ஆதாரத்தோடு. ஆண்களின் ப்ராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் நீங்கள் சொல்வதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, நிறையப் பால் குடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடலாம். பெருங்குடலில் நேர் எதிர். பிரிட்டனில் 5,40,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2025-ல் வந்தது. தினமும் 300 மி.கி. கால்சியம் கூடினால், அதாவது பெரிய டம்ளர் பால் அளவு, பெருங்குடல் புற்றுநோய் 17 சதவீதம் குறைவு. பால் அல்லாத கால்சியமும் அதே பலனைக் காட்டியது.

ஆகவே கோவைக்காரரே, பசுவுக்காகப் பாலை விட்டீர்கள் என்றால் அது நல்ல காரணம், அதற்குப் புற்றுநோய் பயத்தைத் துணைக்கு அழைக்க வேண்டாம். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, எள்ளும் கீரையும் சேருங்கள். பி12 மாத்திரை கட்டாயம். ஈரோட்டுத் தம்பி, உங்கள் பாலில் பயமில்லை. மாட்டுக்குப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு மட்டும் போடாதீர்கள், அந்த விஷத்தின் ஒரு வடிவம் பாலில் இறங்கும்.

கேள்வி (சேலம்): நிலக்கடலையே வேண்டாமா அப்போது?

நல்ல கடலை சாப்பிடுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசக்கிறது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். வறுத்தால் அந்த விஷம் முழுக்கப் போகாது.

கேள்வி (விழுப்புரம்): முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

நாமக்கல் சகோதரிக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): நான் சுத்த சைவம், சிகரெட், குடி எதுவும் இல்லை. வெற்றிலை பாக்கு மட்டும், புகையிலை சேர்க்க மாட்டேன். அது செடிதானே?

ஐயா, இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கையும் 2004-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டார்கள். வாய்ப் புற்றுநோய்க்கு அது நேரடிக் காரணம். செடியிலிருந்து வருவதெல்லாம் நல்லது என்ற நினைப்பால் கெட்டுப்போன வாய்களை நான் வார்டில் பார்க்கிறேன். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, வாயை முன்போல் அகலமாகத் திறக்க முடிகிறதா என்று இன்றே கண்ணாடியில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பல் டாக்டரிடம் போங்கள். பாக்கை விடுங்கள்.

கேள்வி (சென்னை): காய்கறி சாப்பிட நேரமில்லை. பீட்டா கரோட்டின் மாத்திரை போடலாமா? சிகரெட் பழக்கம் உண்டு.

கூடவே கூடாது. பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது, 1994-ல் வந்த முடிவு. கேரட்டில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிகரெட்டை விடுவதற்கு முன் எந்தக் காய்கறியும் உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி (வேலூர்): கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு என்ன சாப்பிட வேண்டும்?

சாப்பாடு இல்லை, அதை உண்டாக்கும் ஹெச்பிவி என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசியும் பரிசோதனையும். டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. மீல் மேக்கர் கொடுக்கக் கூடாது, முட்டையையும் நிறுத்து என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பழச்சாறு மட்டும் கொடுத்தால் கட்டி பட்டினி கிடந்து சாகுமாம்.

கட்டி சாகாது, அம்மாதான் மெலிவார்கள். கீமோ நடக்கும்போது எடையும் தசையும் குறையாமல் பார்ப்பதுதான் உங்கள் வேலை. அம்மாவுக்குப் பழக்கம் என்றால் முட்டை, மீன், தயிர், பருப்பு எல்லாம் கொடுங்கள், எல்லாம் நன்றாக வெந்திருக்கட்டும். மீல் மேக்கர் என்பது சோயாதான், சோயாவைப் பற்றிய பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் வந்த 5,042 பெண்களைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு அதிகம் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. சாப்பாடாகச் சரி, சோயா மாத்திரை மட்டும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறப்பது இரண்டரை மடங்கு அதிகம் என்று 2018-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். சொந்தக்காரர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி (கடலூர்): முள்சீத்தா மாத்திரையாக வருகிறதாமே…

வாங்காதீர்கள். கோதுமைப்புல் சாறு, கற்றாழை, மஞ்சள் கேப்சூல் என்று அடுத்து வரப்போகும் கேள்விகளுக்கும் இதே பதில்தான்: புற்றுநோயைக் குணமாக்காது, எதையாவது எடுப்பதாக இருந்தால் கீமோ கொடுக்கும் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): நாங்கள் ஞாயிறு மட்டும் கறி எடுப்போம். வேறு என்ன மாற்றலாம்?

ஞாயிற்றுக் கறி இருக்கட்டும். மற்ற ஆறு நாளில் தினம் ஒரு பயறோ சுண்டலோ, ஒரு கீரையோ பொரியலோ தட்டில் சோற்றுக்குச் சமமாக வையுங்கள். வாரத்தில் சில வேளை கம்பு, கேழ்வரகு. 45 வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால், மலத்தில் ரத்தம் வருகிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் காட்டச் சொல்லுங்கள்.