பதில்: அப்பாவுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இன்சுலின் போடுகிறார்கள்

நிமோனியாவுக்குச் சேர்த்த அப்பாவுக்கு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி இன்சுலின் போட்டும் சுகர் 210, 230 என்றே நிற்கிறது, இனி காலத்துக்கும் ஊசிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. தொற்று இருக்கும்போது கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடும். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டும் கொடுத்தால் இன்னும் ஏறும். ஆக்சிஜன் குறைந்து, சிறுநீரகமும் தளர்ந்தால் மெட்ஃபார்மினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரலாம், அதனால்தான் நிறுத்துகிறார்கள். வார்டில் 100க்கு இறக்கவும் முயல மாட்டார்கள். பெரும்பாலோருக்கு 140 முதல் 180 வரை இருந்தால் போதும்.

230ஐவிட எனக்குப் பயம் தாழ்சர்க்கரைதான். ஊசி போட்டாகிவிட்டது, சாப்பாடு வரவில்லை, அதற்குள் ஸ்கேனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்பது எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கும். அப்பா பாதி இட்லியோடு தட்டைத் தள்ளினாலும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே சுகர் பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழ் என்றால் உடனடி சிகிச்சை வேண்டும். அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டு மாத்திரையை ரகசியமாகக் கொடுப்பது, பார்க்க வருபவர்கள் சாத்துக்குடி ஜூஸ் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். (சித்தி கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.)

எச்பிஏ1சி எவ்வளவு என்று கேளுங்கள். கடந்த 2, 3 மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. வீட்டுக்குப் போனபின் மாத்திரையா ஊசியா என்பதை முடிவு செய்ய டாக்டருக்கு அது முக்கியம். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இன்சுலினையும் எப்படிக் குறைப்பது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.